எரிந்துபோகிறார்களா, எரிக்கப்படுகிறார்களா?

கட்சி ஏடுகளுக்காக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கும் பணியில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறேன். சில சொற்கள் எழுதுகோலை நிறுத்திவிடும். அண்மையில் மருத்துவர்களின் நிலை குறித்த கட்டுரையொன்றைத் தமிழாக்கியபோது அப்படி என்னை நிறுத்திய சொல் 'பர்ன் அவுட்'. நாளேடுகள் இதனைப் 'பணிச்சோர்வு' என்கின்றன. சில ஏடுகள் 'மனச்சோர்வு' என்றே எழுதிவிடுகின்றன. இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. சோர்வு ஓர் இரவு நன்கு உறங்கி எழுந்தால் தீரும். மனச்சோர்வோ ஒரு நோயின் பெயர். ஆங்கிலச் சொல் குறிப்பது எரிந்து தீர்ந்துபோவதை.

'எரிந்துபோதல்' என்று எழுதிப் பார்த்தேன். இலக்கண வகுப்பில் கற்ற பாடம் நினைவுக்கு வந்தது. எரிதல் தன்வினை, எரித்தல் பிறவினை. விளக்கு எரிந்து தீர்ந்தது என்னும்போது விளக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். எண்ணெய் ஊற்றும் பொறுப்பு யாருடையது, அவர் ஏன் ஊற்றவில்லை என்ற கேள்விகளுக்கு அந்தத் தொடரில் இடமில்லை. மருத்துவர்கள் எரிந்துபோகிறார்கள் என்று சொல்லும்போதும் இதுவே நிகழ்கிறது. எரிப்பவர் யார் என்பது மறைந்துவிடுகிறது.

எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இதன் பின்னால் ஒரு வெட்கம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தலைநகரில், நெஞ்சுவலியால் துடித்த தோழர் ஒருவரை நள்ளிரவில் அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். ஒரு கட்டிலில் இருவர் படுத்திருந்தனர். தரையிலும் நோயாளிகள். நெடுநேரம் கழித்து ஓர் இளம் பெண் மருத்துவர் வந்தார். தோழரின் வயதைக் கேட்டார். சற்று நேரத்தில் மீண்டும் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். நான் பொறுமை இழந்தேன். மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு மக்களை இப்படித்தான் நடத்துவீர்களா என்று எல்லோர் முன்னிலையிலும் குரலை உயர்த்திக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இதயத் துடிப்புப் பதிவை ஒளியில் பிடித்துப் பார்த்தார், மருந்து எழுதினார், அடுத்த கட்டிலுக்குப் போனார். பிறகு மூத்த செவிலியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: அந்த மருத்துவர் முந்தைய நாள் காலை எட்டு மணிக்குப் பணிக்கு வந்தவர். விடிந்ததும் புறநோயாளிப் பிரிவையும் முடித்துவிட்டுத்தான் போவார்.

தோழர் பிழைத்துக்கொண்டார். காலையில் அந்த மருத்துவரைத் தேடினேன். சுவரோரம் ஒரு முக்காலியில் அமர்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பதற்காக அவரை எழுப்ப மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

நம் தோழர்களில் பலருக்கும் இத்தகைய இரவுகள் வாய்த்திருக்கும். அன்று நான் யாரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரிடம் கேட்டேன் என்பதைத்தான் இங்கு எழுத முற்படுகிறேன்.

தனிமனிதக் குறைபாடு அன்று

இச்சொல்லை மருத்துவ உலகில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர். நியூயார்க்கில் போதைப் பழக்கத்துக்கு ஆளானோருக்கான இலவச மருத்துவ மையத்தில் பணியாற்றிய தன்னார்வலர்கள் படிப்படியாக வற்றிப்போவதைக் கண்டு 1974இல் அவர் எழுதினார். அக்கறையற்றவர்கள் அல்லர், மிகுந்த அக்கறையுடன் வந்தவர்களே முதலில் வற்றினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் இதனை விளக்கியது. அதன்படி இது நோய் அன்று; பணியிடத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு. பணியிடத்தில் நீடித்து நிலவும் நெருக்கடி முறையாகக் கையாளப்படாததன் விளைவு. இதற்கு மூன்று அடையாளங்கள்: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் பணியிலிருந்து மனம் விலகி, அதன்மீது கசப்புக் கொள்ளுதல், தன்னால் ஒன்றும் ஆகாது என்ற உணர்வு. அன்றிரவு நான் 'அலட்சியம்' என்று படித்தது இரண்டாவது அடையாளத்தையாகவும் இருந்திருக்கலாம். மூன்று முறை வயதைக் கேட்டது நிச்சயமாக முதலாவது.

இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டால் மருந்தைத் தேட வேண்டிய இடமும் மாறுகிறது. காரணம் பணியிடத்தில் இருக்கும்போது தீர்வு மருத்துவரின் மனத்துக்குள் இருக்க முடியாது. ஆனால் நிர்வாகங்கள் செய்வது என்ன? 'மன உறுதி' பயிலரங்கு, யோகா வகுப்பு, தியான அமர்வு. யோகாவுக்கு நான் எதிரியல்லன். முப்பத்தாறு மணிநேரம் உறங்காதவருக்குத் தேவை மூச்சுப் பயிற்சி அன்று, உறக்கம். மன உதவி தேவைப்படும் மருத்துவருக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும். பெயர் வெளிப்படாமலும், பணிக்குக் கேடு நேராமலும் கிடைக்க வேண்டும். ஆனால் சிகிச்சை வேறு, தடுப்பு வேறு. தடுப்பின் திறவுகோல் பணிப் பட்டியலில் இருக்கிறது.

48 மணி 74 ஆன கதை

சிறப்பு மருத்துவராவதற்கு முதுநிலைப் படிப்பில் சேர்கிறவர் மூன்றாண்டுகள் உறைவிட மருத்துவராகப் பணியாற்றுகிறார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இரவுகள் அவர் தோள்மீதுதான் நிற்கின்றன. அவரது வேலை நேரத்துக்கு வரம்பே இல்லையா? இருக்கிறது. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் மாதம் பிறப்பித்த உறைவிட மருத்துவர் திட்ட ஆணை, தொடர்ச்சியான பணி சாதாரணமாக 12 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், வாரத்துக்கு 48 மணிநேரம் என்றும், சுழற்சி முறையில் வார விடுமுறை என்றும் கூறியது. 'சாதாரணமாக', 'பணியின் அவசரத்துக்கு உட்பட்டு' என்ற தொடர்களையும் கூடவே சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடர்களே விதியை விழுங்கின.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகள் 'நியாயமான பணி நேரம்' என்றதோடு நின்றுவிட்டன. எது நியாயம் என்று யார் முடிவு செய்வது? மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆய்வதற்கு அதே ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அறிக்கை அளித்தது. அதன் இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் வாரத்துக்கு 60 மணிநேரத்துக்கு மேல் உழைப்பதாகக் கூறினர். பாதிக்கு மேற்பட்டோர் வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்றனர். பணிக்குழு பரிந்துரைத்த உச்ச வரம்பு வாரத்துக்கு 74 மணிநேரம்.

எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1992இல் 48. 2024இல், மாணவர் மனநலத்தைக் காக்கப் புறப்பட்ட குழுவின் பரிந்துரையில் 74. ஆறு நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரத்துக்கும் மேல். அத்தனை கூடுதலான எண்ணையும் ஒரு நிவாரணமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், உண்மையில் நடப்பது எப்படியிருக்கும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேசிய மருத்துவ ஆணையம் அளித்து, 2023இல் வெளிவந்த விவரப்படி, ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். அவர்களில் 58 பேர் முதுநிலை மாணவர்கள். அதே காலத்தில் படிப்பை இடையில் கைவிட்டோர் 1,270 பேர். அவர்களில் 1,117 பேர் முதுநிலை மாணவர்கள். அரும்பாடுபட்டுப் பெற்ற இடத்தைவிட்டு ஓட வேண்டிய நிலைக்கு யார் தள்ளினார்கள்? ஓடவும் முடியாதபடி, இடையில் விலகினால் பல இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற பிணைமுறியைப் பல மாநிலங்கள் வைத்திருந்தன. அதனைக் கைவிடுமாறு 2024 ஜனவரியில் ஆணையமே மாநிலங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

வேலை வாங்கும்போது அவர் மருத்துவர். உரிமை கேட்கும்போது மாணவர். ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்கள். இந்த இரட்டைப் பெயரில்தான் சுரண்டல் தங்கியிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் நடந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. நெடும்பணிக்கிடையே சற்று ஓய்வெடுப்பதற்காக அந்த இளம் மருத்துவர் சென்ற இடம் ஒரு கருத்தரங்க அறை. பணி மருத்துவருக்கென்று தாழிடத்தக்க ஓர் ஓய்வறை இருந்திருக்க வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கையா? பெண்கள்மீதான வன்முறையையும் ஓய்வற்ற உழைப்பையும் ஒன்றாகக் கண்டது அங்குள்ள இளநிலை மருத்துவர்களின் போராட்டம். அக்டோபரில் பதினேழு நாள் உண்ணாநிலை இருந்தபோது அவர்கள் முன்வைத்த பத்துக் கோரிக்கைகளில் நீதியும் பாதுகாப்பும் மட்டுமல்ல, ஓய்வறையும் கழிப்பறையும், காலிப் பணியிடங்களை நிரப்புவதும், நோயாளிகளை மேல்சிகிச்சைக்கு அனுப்புவதற்கான மையப்படுத்தப்பட்ட ஏற்பாடும், காலிப் படுக்கைகளை அறிவிக்கும் முறையும் இடம்பெற்றிருந்தன. தங்களை எரிப்பது எது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

காலி நாற்காலிகளின் சுமை

அவசரப் பிரிவில் அந்த இரவில் அத்தனை கூட்டம் ஏன்? நகரத்து மக்கள் மட்டும் வந்ததால் அன்று. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வந்திருந்தார்கள். ஊரகச் சமுதாய சுகாதார மையம் ஒவ்வொன்றிலும் அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய நான்கு துறைகளின் சிறப்பு மருத்துவர்கள் இருக்க வேண்டும் என்பது நெறி. சமவெளியில் 1,20,000 மக்களுக்கு ஒரு மையம். ஒன்றிய அரசின் 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரப்படி, தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அங்கு இல்லை. அறுவை சிகிச்சை மருத்துவர் பற்றாக்குறை 83 விழுக்காடு.

இதன் இயங்குமுறை எளியது. மகப்பேறு மருத்துவர் இருந்தும் மயக்க மருந்து நிபுணர் இல்லையென்றால் அறுவை சிகிச்சைப் பேறு நடக்காது. தாய் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அங்கே இருக்கும் ஒரேயொரு மயக்க மருந்து நிபுணர் ஆண்டின் 365 நாளும் அழைப்பை எதிர்பார்த்துத் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்து உறங்குகிறார். ஒருநாள் அவர் பணியை விட்டு விலகுகிறார். மீண்டும் அந்தத் தாய், இம்முறை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறார். அங்கே முக்காலியில் உறங்கும் இளம் மருத்துவரின் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்கிறது. ஒரு காலிப் பணியிடம் அடுத்த மருத்துவரை எரிக்கிறது. அவர் விலகும்போது அது இரண்டு காலிப் பணியிடங்களாகிறது.

மருத்துவர் போதவில்லை, அரசு என்ன செய்யும் என்கிறார்கள். 2014க்கு முன்பு ஏறத்தாழ 31,000 ஆக இருந்த முதுநிலை இடங்களை 70,000க்கு மேல் உயர்த்திவிட்டதாக ஒன்றிய அரசே பெருமை பேசுகிறது. அப்படியானால் அந்த மருத்துவர்கள் எங்கே? நிரந்தரப் பணியிடம் இல்லாமல், ஒப்பந்த ஊதியத்தில், குடியிருப்பும் பள்ளியும் இல்லாத ஊருக்குத் தனியாளாகப் போகுமாறு சொன்னால் யார் போவார்? 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டைப் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22இல், பெருந்தொற்றின் கோரத்தைக் கண்ட பிறகும், அது 1.84 விழுக்காடு. இடைவெளியை நிரப்பியது மருத்துவர், செவிலியர், ஆஷா ஊழியர், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரின் உடம்பு.

தனியார் பெருநிறுவன மருத்துவமனைகளில் எரிப்பின் முறை வேறு. அங்கே உறக்கம் கிடைக்கலாம், மனச்சான்றுக்குத்தான் ஓய்வில்லை. இத்தனை பரிசோதனை, இத்தனை அறுவை சிகிச்சை, இவ்வளவு வருவாய் என்று இலக்கு வைக்கப்படுகிறது. மராட்டியத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் அருண் காத்ரே, அபய் சுக்லா இருவரும் நாடெங்கும் 78 மருத்துவர்களைச் சந்தித்துத் திரட்டிய வாக்குமூலங்கள் இந்நடைமுறைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. தேவையற்றது என்று தானே அறிந்த சிகிச்சையைப் பரிந்துரைக்கும் மருத்துவர் தன் தொழிலிலிருந்தே அயலாகிறார். உழைப்பாளி தன் உழைப்பிலிருந்து அந்நியமாதல் என்று நாம் படித்தது இதைத்தான்.

நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு விசாரணை

'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். லண்டனில் நடந்த ஒரு மரண விசாரணையை மார்க்ஸ் அங்கே விவரிக்கிறார். பெரும் ரயில் விபத்து, மாண்டவர் பலர். கூண்டில் நிற்பவர்கள் ரயில் காவலர், எஞ்சின் ஓட்டுநர், சைகையாளர் ஆகிய மூன்று தொழிலாளர்கள். அவர்களுடைய அலட்சியமே காரணம் என்பது குற்றச்சாட்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை தங்கள் வேலை எட்டு மணிநேரம் என்றும், பிறகு அது பதினான்கு, பதினெட்டு, இருபது மணிநேரமாயிற்று என்றும், விடுமுறைக் காலக் கூட்டத்தின்போது நாற்பது, ஐம்பது மணிநேரம் இடைவிடாது நீள்கிறது என்றும், தாங்களும் மனிதர்களே என்றும், ஒரு கட்டத்தில் மூளை சிந்திப்பதையும் கண் பார்ப்பதையும் நிறுத்திவிடுகின்றன என்றும் அவர்கள் கூறினார்கள்.

அந்த நடுவர் குழுவின் இருக்கையில்தான் அன்றிரவு நான் அமர்ந்திருந்தேன். கூண்டில் தொழிலாளியை நிறுத்தினேன். அட்டவணை போட்டவரை நிறுத்தவில்லை.

மருத்துவர்கள் வசதி படைத்தவர்கள், அவர்களுக்காக நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வசதி படைத்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை முதலாளிகளாகிவிட்ட மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்கு மயக்கமில்லை. ஆனால் 36 மணிநேரப் பணியிலிருக்கும் உறைவிட மருத்துவர் தன் உழைப்புச் சக்தியை விற்பவர். அவருடைய களைப்பின் விலையைக் கொடுப்பவர் அரசு மருத்துவமனையைத் தவிர வேறு போக்கில்லாத ஏழை நோயாளி. வாகன ஓட்டுநர் களைத்தால் சாலையில் உயிர் போகும் என்பதற்காக 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. கத்தியைப் பிடிக்கும் கைக்கு அவ்வரம்பு வேண்டாமா?

நேரத்தைக் குறைத்தால் நோயாளிகளை யார் பார்ப்பது, பணி கைமாறும்போது விவரங்கள் விடுபடாதா என்ற கேள்வியும் எழும். இது புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று. ஆள் சேர்க்காமல் நேரத்தை மட்டும் குறைத்தால் சுமை இன்னொரு தோளுக்குப் போகும். அல்லது பதிவேட்டில் 48 என்றும் படுக்கையருகே 90 என்றும் இரண்டு கணக்குகள் உருவாகும். ஆகவே நேர வரம்பும் பணி நியமனமும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள். கைமாற்றத்துக்கென்று பணி நேரத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். நியூயார்க் மருத்துவமனையொன்றில் 1984இல் 18 வயது மாணவி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து எழுந்த குரல், 1989இல் அம்மாநிலப் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணிநேர வரம்பைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சராசரி 48 மணிநேர வரம்பு 2009 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கும் முழுமையாகப் பொருந்தலாயிற்று. மீறல்கள் அங்கும் உண்டு. ஆனால் மீறல் என்று சொல்வதற்கு அங்கே ஒரு சட்டம் இருக்கிறது.

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டு ஆணையின் 48 மணிநேரமும் 12 மணிநேரமும், தப்பிக்கும் வழிகளான சொற்கள் நீக்கப்பட்டு, தண்டனைப் பிரிவுடன் சட்டமாக வேண்டும். பணிப் பட்டியல் ஒவ்வொரு துறையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். அதனைச் சரிபார்க்கும் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறைவிட மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்க வேண்டும். சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும். ஓர் ஊருக்கு ஒருவரைத் தனியே அனுப்பாமல், மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை நல மருத்துவர்களைக் குழுவாக, குடியிருப்புடன் நியமிக்க வேண்டும். பாதுகாப்பான ஓய்வறை ஒவ்வொரு துறையிலும் வேண்டும். இவை மருத்துவருக்கு மட்டுமன்றிச் செவிலியர், ஆய்வக ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளர் அனைவருக்கும் பொருந்த வேண்டும். அவர்களை விட்டுவிட்டு மருத்துவருக்கு மட்டும் ஓய்வு கேட்பது நம் வழியன்று.

கிளைகளிலுள்ள தோழர்கள் இன்றே தொடங்கத்தக்க ஒரு வேலையும் உண்டு. உங்கள் வட்டத்துச் சமுதாய சுகாதார மையத்தில் அனுமதிக்கப்பட்ட சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். வந்த பதிலைத் துண்டறிக்கையாக்கி, நோயாளிகள் காத்திருக்கும் வரிசையில் கொடுங்கள். சிகிச்சை தாமதமானால் முற்றுகையிட வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் தலைமைச் செயலகமும்தான். அவசரப் பிரிவின் மேசையன்று என்பதை மக்களிடம் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

அந்தத் தமிழாக்கத்தில் நான் இறுதியாக எழுதிய தொடர்: 'மருத்துவர்கள் எரிக்கப்படுகிறார்கள்.' மூலத்துக்கு முற்றிலும் இணையன்று என்று ஆசிரியர் குழுவில் ஒரு தோழர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் செயப்பாட்டுவினையில், யாரால் என்று கேட்பதற்கு ஓர் இடமாவது மிஞ்சுகிறது. அந்த இடத்தில் பெயர்களை எழுத வேண்டியது இனி நம் வேலை.